ஒரு பயணச்சீட்டு போதும்

1892-ஆம் ஆண்டின் பிற்பகுதி. பரிவிராஜகராகப் பாரதத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த சுவாமி விவேகானந்தர் மைசூர் சமஸ்தானத்திற்குள் வந்து, பெங்களூருவில் சில நாட்கள் பெயர் அறியாத ஒரு துறவியாகவே தங்கினார். பிறகு சமஸ்தானத்தின் திவான் கே. சேஷாத்ரி ஐயருடைய அறிமுகம் வாய்த்தது. பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த தமிழர் அவர். பெங்களூருவின் சேஷாத்ரிபுரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மூன்று நான்கு வாரங்கள் சுவாமிஜி அவருடைய விருந்தினராக இருந்தார். அவர் மூலமாக மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் அன்புக்கும் பாத்திரமானார்.

சுவாமிஜிக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று திவானுக்குப் பேராவல். தம் காரியதரிசியை உடன் அனுப்பி, கடைவீதியில் சுவாமிஜி எதை விரும்பினாலும், விலை எவ்வளவானாலும், வாங்கித் தருமாறு பணித்தார். சுவாமிஜி ஒரு குழந்தையின் குதூகலத்தோடு கடையிலிருந்த பொருள்களையெல்லாம் பார்த்தார், ரசித்தார், பாராட்டினார். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு நல்ல சுருட்டு! ஒரு ரூபாய்கூடப் பெறாத அதைப் பற்றவைத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு வண்டியேறினார். துறவி சுருட்டு கேட்டாரே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் அவர் கேட்காமல் விட்டவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

விடைபெறும் நாள் வந்தது. மகாராஜா விலையுயர்ந்த பரிசுகளை அளிக்க முன்வந்தார். உலோகம் சேராத ஒரு புகைக்குழாய் போதும் என்றார் சுவாமிஜி. அழகிய வேலைப்பாடமைந்த மரக்குழாய் ஒன்று வந்தது. அதுவும் அவரிடம் நெடுநாள் தங்கவில்லை. பின்னர் சென்னையில் அவர் தங்கியிருந்த இல்லத்துச் சமையற்காரர் அதை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கண்டதும் அவருக்கே கொடுத்துவிட்டார். திவானோ, ஒரு கட்டு ரூபாய் நோட்டுகளைச் சுவாமிஜியின் பைக்குள் திணித்துவிட முயன்றார். சுவாமிஜி அதை ஏற்கவில்லை. உதவி செய்ய விரும்பினால் கொச்சிக்கு ஒரு பயணச்சீட்டு வாங்கித் தாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். திவான் இரண்டாம் வகுப்புச் சீட்டு ஒன்றையும், கொச்சி திவானுக்கு ஓர் அறிமுகக் கடிதத்தையும் கொடுத்து வழியனுப்பினார். சுவாமிஜி ஷோரனூர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து திருச்சூருக்கு மாட்டுவண்டியில் போனார்.

இந்த நிகழ்ச்சியைத் துறவின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அது உண்மையே. ஆனால் இதில் இல்லறத்தார் கற்பதற்கும் ஒன்று உள்ளது. சுவாமிஜி எல்லாவற்றையும் மறுத்துவிடவில்லையே! நடந்தே போகிறேன் என்று வீம்பு பேசவில்லை. தேவையானதைத் தயங்காமல் கேட்டார். தேவைக்கு மேற்பட்ட ஒரு காசையும் தொடவில்லை. எது தேவை, எது தேவையில்லை என்ற கணக்கு அவர் மனத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுக்குத்தான் விவேகம் என்று பெயர். நித்தியத்தையும் அநித்தியத்தையும் பிரித்தறியும் அதே விவேகம், கடைவீதியில் நிற்கும்போது வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தறிகிறது. பூஜையறைக்கு ஒரு புத்தி, அங்காடிக்கு ஒரு புத்தி என்று இறைவன் இரண்டாகக் கொடுக்கவில்லை.

ஸ்ரீராமகிருஷ்ணரின் சீடர் யோகின் ஒருமுறை இரும்பு வாணலி வாங்கச் சென்றார். கடைக்காரரும் தர்மத்திற்கு அஞ்சுபவராகத்தானே இருப்பார் என்று நம்பி, பொருளைச் சோதிக்காமல் வாங்கி வந்தார். வீட்டில் பார்த்தால் வாணலியில் கீறல். குருதேவர் அவரை நன்றாகக் கடிந்துகொண்டார். பக்தனாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏமாளியாக இருக்க வேண்டுமா? கடைக்காரர் கடை விரித்திருப்பது வியாபாரத்திற்கு, தர்ம உபதேசத்திற்கு அல்ல. நான்கு கடை ஏறி விலை விசாரி, பொருளைத் தட்டிப் பார், கொசுறு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் கேட்டு வாங்கு என்று சொல்லிக் கொடுத்தார். காசைக் கையால் தொடவும் கூசிய மகான், ஒரு வாணலியின் விலையில் இவ்வளவு கவனம் செலுத்தினார் என்பது எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்கது.

திருவள்ளுவரும் வரவு செலவைப் பற்றிய தம் எச்சரிக்கைகளை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஈகையிலோ துறவிலோ அல்ல, ‘வலியறிதல்’ என்ற அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பகைவனோடு மோதுவதற்கு முன் தன் பலத்தை எடைபோடும் அரசனுக்குச் சொல்லும் இடம் அது. அதன் கடைசி நான்கு குறள்களும் வருவாயின் அளவு, செலவின் அளவு, அளவறியாமல் வாழ்பவனின் வீழ்ச்சி ஆகியவற்றையே பேசுகின்றன. வருவாய் சிறிதாக இருப்பதை அவர் குறையாகவே கருதவில்லை.

பெங்களூருவில் இன்று வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தஞ்சையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். வாடகை வீட்டிற்குப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது அந்நகரில் நெடுநாள் வழக்கம். பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மருந்து, தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடனின் தவணை என்று மாதத்தின் முதல் வாரத்திலேயே சம்பளத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. 2025 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆயிற்று. அன்றாடம் போய்வரும் ஒருவருக்கு அது சிறிய செய்தி அல்ல. மறுபுறம், 2023 ஜூனில் கர்நாடக அரசு தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தால் அம்மாநிலத்துப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்ல முடிந்தது. வீட்டு வேலைக்கும் தையல் வேலைக்கும் செல்லும் எத்தனையோ பெண்களின் கையில் அந்தப் பேருந்துக் காசு அரிசியாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறியது.

இப்படி ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி வாழ்பவர்களிடம் சென்று சிக்கனம் பற்றி உபதேசிப்பது பொருந்துமா? வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொல்லும் உபவாச மகிமை போல அது ஆகிவிடாதா? நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லும் தகுதி, பசியை அறிந்த ஒருவருக்கே உண்டு.

1886-இல் ஸ்ரீராமகிருஷ்ணர் மறைந்த பின், அன்னை ஸ்ரீசாரதாதேவி காமார்புகூரில் தனியாக வாழ்ந்தார். தட்சிணேசுவரக் கோயிலிலிருந்து மாதம் ஏழு ரூபாய் வந்துகொண்டிருந்தது. அதுவும் சிலருடைய தலையீட்டால் நின்றுபோயிற்று. சோறும் தாமே பயிரிட்ட கீரையும்தான் உணவு. அதற்கு உப்பு வாங்கவும் காசில்லாத நாட்கள் இருந்தன. அன்னை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடமும் கை நீட்டாதே, கீரையும் சோறும் உண்டு இறைநாமம் சொல்லிக்கொண்டிரு என்பது குருதேவர் அவருக்குச் சொல்லிச் சென்ற வழி. கல்கத்தாவிலிருந்த சீடர்களுக்கு இந்தச் செய்தி எட்டவே நெடுநாள் ஆயிற்று.

பிற்காலத்தில் அன்னையைச் சுற்றிப் பக்தர்கள் நிறைந்தார்கள். பழமும் இனிப்பும் கூடை கூடையாக வந்தன. ஒருநாள் பொருள்களை எடுத்துக்கொண்டு வெறுங்கூடையை யாரோ வெளியே எறிந்துவிட்டார்கள். அன்னை அதைக் கவனித்தார். கூடையை எடுத்துவரச் செய்து, கழுவி, பத்திரப்படுத்தினார். காய்கறித் தோலைப் போடவாவது ஆகுமே என்பது அவர் எண்ணம். பெருக்கி முடித்தபின் துடைப்பத்தை வீசியெறிந்த ஒருவரிடம், மீண்டும் தேவைப்படப் போகிற பொருளை மெதுவாக வைத்தால் என்ன என்று கேட்டார். துடைப்பத்திற்கும் அதற்குரிய மரியாதை உண்டு என்பது அவர் கொள்கை. மனிதர் உண்ணத்தக்கதைப் பசுவுக்கு இடக்கூடாது, பசு உண்பதை நாய்க்கு இடக்கூடாது, மற்ற எந்தப் பிராணிக்கும் ஆகாததைக் குளத்து மீனுக்குப் போடலாம், ஆனால் எதையும் வீணாக்கக்கூடாது என்று அவர் வகுத்த வரிசை பிரசித்தமானது.

ஆனால் அதே அன்னை, நேரம் கெட்ட நேரத்தில் வந்த பக்தரையும் உண்ணாமல் அனுப்பியதில்லை. கூடையைக் காப்பாற்றிய கை அன்னத்தை அள்ளிக் கொடுத்தது. கஞ்சத்தனத்திற்கும் சிக்கனத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். கஞ்சன் பொருளைப் பிறரிடமிருந்து காக்கிறான். சிக்கனமானவர் பொருளை வீணாகாமல் காத்துப் பிறருக்கு வைக்கிறார்.

அன்னையின் வீட்டு வழக்கத்தைப் பெங்களூருவின் சமையலறையில் பொருத்திப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். நகரத்திற்கு வரும் காவிரி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் ஐந்நூறு மீட்டர் உயரத்திற்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, லாரித் தண்ணீரின் விலை ஏறி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற நிலை வந்தது. அந்த வாரங்களில் அரிசி களைந்த நீரைச் செடிக்கும், துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கும் சேர்த்து வைக்கப் பல வீடுகள் கற்றுக்கொண்டன. மழை வந்ததும் அவற்றுள் சில மறந்தும்விட்டன.

பயணத்திலும் இதே கதைதான். ஊருக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு, தீபாவளிக்கு முந்தைய இரவில் தனியார் பேருந்துக்கு இரு மடங்கு கொடுப்பவர், அந்தப் பணத்தைத் தம் சோம்பலுக்குத்தான் கொடுக்கிறார். 2024 நவம்பர் முதல் ரயிலில் அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வைக்க ஒரு நிமிடம் போதும். வழிப்பயணத்திற்கு எடுத்துச் செல்லும் உணவைப் ‘பாதேயம்’ என்று வடமொழியில் சொல்வார்கள். தமிழில் கட்டுச்சோறு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லிகளும் ஒரு பொட்டலம் புளியோதரையும் குடும்பத்தோடு கிளம்பினால், ஒரு வேளை ஓட்டல் செலவு மிச்சம். குழந்தைகளின் வயிறும் பத்திரம். தீர்த்த யாத்திரை என்ற பெயரில் கடன் வாங்கிச் சுற்றுலா போய், திரும்பிய பின் ஆறு மாதம் வட்டி கட்டுவதில் எந்தப் புண்ணியமும் சேர்வதாகச் சாஸ்திரம் சொல்லவில்லை.

குடும்பச் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. பெங்களூருவின் பசவனகுடியில் வாழ்ந்த கன்னடப் பேரறிஞர் டி.வி. குண்டப்பா, ‘மங்குதிம்மன கக்க’ என்ற நூலின் ஆசிரியர், பத்திரிகைத் தொழிலின் சொற்ப வருமானத்தில் நேர்மையோடு வாழ்ந்தவர். ஒருநாள் உறவினர் வீட்டு விசேஷத்திற்கு அவர் மனைவி பாகீரதம்மா செல்லவில்லை. காரணம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: கிழியாத புடைவை இல்லை. கிழிசலோடு போனால் கணவரைப் பற்றியல்லவா நாலு பேர் தாழ்வாக நினைப்பார்கள் என்பது அவர் கவலை. அந்த அம்மையாரின் மனவுறுதியைப் போற்றாதவர் இல்லை. ஆயினும் அந்தப் பதிலில் ஒரு பாரமும் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் சிக்கனம் என்பது தாயின் தட்டில் குறையும் குழம்பாகவும், மனைவி தள்ளிப்போடும் வைத்தியமாகவும், யாருக்கும் தெரியாமல் ஒருவர் தலையிலேயே விழுகிறது. கணவரின் சிற்றுண்டிச் செலவும் பிள்ளைகளின் கைப்பேசிச் செலவும் அப்படியே இருக்க, ஒருவர் மட்டும் சுருங்குவதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டால் அது அதர்மம். வீட்டுக் கணக்கை வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதே முறை. பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. வரவு இவ்வளவு என்று அறிந்த குழந்தை வீம்பு பிடிப்பது குறைவு.

1970-இல் நன்றியுள்ள மக்கள் குண்டப்பாவைப் பாராட்டிப் பணமுடிப்பு அளித்தபோது, அதை அப்படியே தாம் நிறுவிய கோகலே பொதுவிவகார நிலையத்திற்கு அவர் கொடுத்துவிட்டார். பாகீரதம்மா அதைக் காண உயிரோடு இல்லை. அவர் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது ராதுவை விட்டுவிட முடியாது. 1911-இல் அன்னை தென்னாட்டு யாத்திரையாக வந்து, மதுரை வழியாக இராமேசுவரம் சென்றார். இராமநாதபுரம் மன்னர், அன்னைக்குத் தம் கருவூலத்தைத் திறந்து காட்டுமாறும், அவர் விரும்பும் எதையும் உடனே கொடுத்துவிடுமாறும் ஆணையிட்டிருந்தார். அன்னைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உடனிருந்த தம்பி மகளான சிறுமி ராதுவுக்கு ஏதாவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அச்சம் பிடித்தது. வைரமும் முத்தும் மின்னும் இடத்தில் சிறுபிள்ளை எதையாவது கேட்டுவிட்டால்? ராதுவின் மனத்தில் ஆசை எழக்கூடாதே என்று குருதேவரை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே நின்றார். ராது எல்லாவற்றையும் பார்த்தாள். இதெல்லாம் எதற்கு, என் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் வாங்கிக் கொடுங்கள் என்றாள். வெளியே வந்து தெருக்கடையில் இரண்டு பைசாவுக்கு ஒரு பென்சில் வாங்கினார்கள்.

யாத்திரை அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி, மார்ச் மாத இறுதியில் பெங்களூரு வந்தது. பசவனகுடி ஆசிரமத்தில் அன்னை சில நாட்கள் தங்கினார். கவிபுரக் குகைக் கோயிலைத் தரிசித்துத் திரும்பியபோது ஆசிரமத்து வளாகம் மக்களால் நிறைந்திருந்தது. அன்னைக்கு அவர்கள் மொழி தெரியாது. அனைவரும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்து வணங்க, அன்னை வலக்கையை உயர்த்தி ஆசி வழங்கியபடி ஒரு சொல்லும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.