இரைச்சல் என்று சொல்லும் உரிமை

1977ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதனை உருவாக்கியோர் நால்வர். அவர்தம் குழுவின் பெயர் திராபிங் கிரிசில். வணிக நிறுவனங்கள் தம் பங்குதாரர்க்கு அனுப்பும் கணக்கு அறிக்கையைப் போல, தட்டுக்கு ‘இரண்டாம் ஆண்டறிக்கை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினர். வெறும் வெள்ளை உறையில் இட்டு, முதற்கண் 785 தட்டுகளையே வெளியிட்டனர். வாங்கிச் சென்று முள்ளை வைத்தவர்க்குப் பண்ணும் கிடைக்கவில்லை, பல்லவியும் கிடைக்கவில்லை. மின்கருவிகளின் உறுமல், உருச்சிதைந்த மனிதக் குரல், கம்பிகளைக் கீறும் ஓசை, மேடைகளில் ஒலிநாடாவில் பிடித்த சலசலப்பு ஆகியனவே கிடைத்தன. ஒரே உருப்படி, வெவ்வேறு இடங்களில் நிகழ்த்தப்பட்டவாறு மும்முறை வரும். மறுபக்கம் முழுவதும் ஒரு படத்திற்கான பின்னணி ஒலி. அது ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். ‘ஆலை மக்களுக்கு ஆலை இசை’ என்பது அவர்கள் வெளியீட்டகத்தின் முழக்கம். பின்னாளில் ‘ஆலை இசை’ என ஒரு தனி வகையே தோன்றியதற்கு இத்தட்டும் இம்முழக்கமும் வித்திட்டன.

கேட்டோர் கருத்து அன்றே பிளவுபட்டது, இன்றும் ஒன்றுபடவில்லை. ஒரு சாரார், ‘இஃது இசையன்று, கேட்போரை ஏளனம் செய்யும் வேலை’ என்றனர். 1976இல் இக்குழுவினர் லண்டனில் நடத்திய ஒரு கண்காட்சியைக் கண்டு வெகுண்ட நாடாளுமன்ற உறுப்பினர் நிக்கோலஸ் ஃபேர்பேர்ன், இவர்களை நாகரிகத்தைச் சிதைப்போர் என்றே சாடியிருந்தார். தட்டில் இடம்பெறும் சொற்களிற் கொடுஞ்செயல் வருணனைகள் உள; அவற்றை வெறுத்தோரின் வெறுப்பு ஓசையைப் பற்றியதன்று, ஆதலின் அது தனி வழக்கு. மற்றொரு சாரார், ‘இயந்திர யுகத்தின் உண்மையான குரல் இதுவே; இனிய மெட்டுகள் எல்லாம் அவ்வுண்மையை மறைக்கும் திரை’ எனப் போற்றினர். மூன்றாம் சாரார் ஒருவகையில் நேர்மையானவர்: ‘இது முதன்மையான படைப்புத்தான்; ஆயினும் இரண்டாம் முறை கேட்க மனம் வரவில்லை’ என்பர். மதிப்பு வேறு, விருப்பு வேறு என்பதை இவர்கள் உணர்ந்திருக்கின்றனர். பாடநூற் செய்யுளை மாணவன் மதித்தும் விரும்பாமலும் இருப்பதைக் கண்ட ஆசிரியர்க்கு இந்நிலை புதிதன்று.

மேல்நாட்டில் நால்வர் எழுப்பிய ஓசையைப் பற்றிய சண்டை தமிழர்க்கு எதற்கு எனலாம். ஆனால் சண்டையின் அடியில் உள்ள வினா எல்லார்க்கும் பொதுவானது. ஓர் ஒலியை ‘இரைச்சல்’ எனத் தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அத்தீர்ப்பு ஒலியைப் பற்றியதா, ஒலிப்பவனைப் பற்றியதா?

தமிழிலக்கணம் இவ்வினாவின் வாயிலில் வெகுகாலத்திற்கு முன்பே நின்றிருக்கிறது. தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் அரவப் பொருளில் வைத்தார். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கையும் இசைப் பொருளில் வைத்தார். இங்கே இசை என்பது ஓசை என்ற பொதுப்பொருளினது, பாட்டைக் குறித்ததன்று. எனினும் இரு பட்டியல்கள் இருந்தன என்பது கருதத்தக்கது. இனி, கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலை வருகின்ற இடத்தைக் காண்க. புகை சூழ்ந்த ஆலைகளில் கரும்பு பிழியும் எந்திரம் யானைக் கூட்டம்போல் ஓயாது ஒலிக்கிறது. அவ்வொலியைச் சொல்லும் ஓர் அடியிலேயே புலவர் சிலைத்தல் என்ற சொல்லையும் கம்பலை என்ற சொல்லையும் அடுத்தடுத்து அமைத்துவிட்டார்! இலக்கணம் இரு பட்டியலில் பிரித்தவற்றை எந்திரத்தின் முன்னே ஒன்றாக்கினார். எந்திரத்தின் ஒலி இரைச்சலா, முழக்கமா எனத் தீர்ப்புச் சொல்ல அவர் விரையவில்லை. யானையை நினைத்தார், எழுதினார். ஆலை இசைக்கு முன்னோடி தேடுவோர் 1913இல் இத்தாலியர் லூயிஜி ருசோலோ எழுதிய ‘இரைச்சல்களின் கலை’ என்னும் அறிக்கையோடு நின்றுவிடுவர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் காலத்துக் கரும்பாலை வரை அவர்கள் வருவதில்லை.

பேச்சுத் தமிழும் பின்தங்கவில்லை. ஆலையின் நீராவி ஊதல் வந்தபோது, அதற்குப் பெயரில்லாமல் மக்கள் தடுமாறவில்லை, ‘சங்கு’ என்றனர். கோயிலிலும் போர்க்களத்திலும் இழவு வீட்டிலும் ஒலித்த சங்கின் பெயரை ஆலைக்கும் கொடுத்துவிட்டனர். 1922இல் காஸ்பியன் கடற்கரை நகரான பாக்குவில் அர்செனி அவ்ராமோவ் என்பவர் ஆலை ஊதல்களையும் கப்பல் ஊதல்களையும் கூட்டி ஒரு பேரிசை நிகழ்த்தினார். அது புரட்சிகரச் செயல் எனப் புகழப்பட்டது. ‘சங்கு ஊதிவிட்டது’ என்று சொல்லி வேலைக்கு ஓடிய தமிழ்த் தொழிலாளியை எவரும் புகழவில்லை.

அவன் ஓடினான் என்பதே கருத்து. லண்டனில் இசைத்தட்டை வாங்கியவர்க்குப் பிடிக்கவில்லையாயின், முள்ளைத் தூக்கிவிடலாம். பேராக் மாநிலத்தில் இயந்திர ஓசையைக் கேட்டு வாழ்ந்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கிறது. 1938இல் கட்டப்பட்டது, எடை ஏறத்தாழ 4,500 டன், 1982 வரை வேலை செய்தது. இரும்பு வாளிகள் சங்கிலியிற் கோத்தபடி சேற்றை அள்ளி ஏறும்போது எழுந்த கிறீச்சொலி நெடுந்தொலைவு கேட்கும் தன்மையது. சுற்றிலும் வாழ்ந்தவர்க்கு இரவும் பகலும் அதுவே பின்னணி. 1985இல் ஈய விலை சரிந்து, கின்டா பள்ளத்தாக்கின் ஈயத்தொழில் வீழ்ந்தபோதுதான் அமைதி வந்தது. அமைதியோடு வேலையின்மையும் வந்தது. இரைச்சல் நின்றதற்காக மகிழ்ந்தோர் எத்தனை பேர், ஊதியம் நின்றதற்காக வருந்தியோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஓசையைப் பற்றிய கருத்து ஓசையோடு முடிவதில்லை என்பது விளங்கும்.

ரப்பர்த் தோட்டத்து ஆலையும் அத்தகையதே. பாலை உறையவைத்து, உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டனர். உருளையருகில் ஆண்டுக்கணக்கில் நின்ற பெண்ணிடம், ‘இந்த ஒலியில் ஒரு தாளம் உண்டு’ என எவரேனும் சென்று கூறியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? சிரித்திருக்கலாம். தாளம் உண்டு என்று ஒப்பியும் இருக்கலாம். உருளையின் சுழற்சிக்கேற்பக் கையை நீட்டி இழுக்கத் தெரியாதவர் விரலை இழந்திருப்பார். அங்கே தாளம் அழகன்று; காவல். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்போர் செவிக்கு ஊறு நேரும் என்று இக்காலத் தொழிற்சட்டங்கள் எல்லை வகுத்துள்ளன. செவியை அழிக்கும் ஒலியை இரைச்சல் என்பது சுவைக்குறைவன்று, உண்மை. ஆலை ஒலியைக் கலை எனப் போற்றும் இரண்டாம் சாரார், ஆலையினின்று எழுந்து வெளியே செல்லும் உரிமை தமக்கு இருப்பதனாலேயே போற்ற முடிகிறது என்பதை மறத்தலாகாது. முழக்கத்தில் வரும் ‘ஆலை மக்கள்’ யார் என்று அவர்கள் ஒருமுறையேனும் வினவியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று தோட்டத்திலேயே இருந்தது. அதுதான் தப்பு. சாவிலும் தீமிதியிலும் அம்மன் திருவிழாவிலும் அடிக்கப்பட்ட அத்தோற்கருவியைச் செவிக்கு ஊறு என்று எவரும் அளந்து சொல்லவில்லை. ஆயினும் ‘வெறும் சத்தம்’ என்ற பட்டம் அதற்கு எளிதில் கிடைத்தது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் யாழோடு பறையையும் சேர்த்து எண்ணினார். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே கேட்கும் ஊரைக் காட்டி உலகியலையே விளக்கினார். இத்தகைய கருவி எப்பொழுது சத்தமாகத் தாழ்ந்தது? கருவி மாறவில்லை. அதனை அடிப்பவன் இன்ன சாதியான் என்ற எண்ணம் செவிக்குள் புகுந்தபோது தாழ்ந்தது. கடல் கடந்து வந்த தோட்டத்துக்கும் அவ்வெண்ணம் தமிழரின் மூட்டையோடு வந்து சேர்ந்தது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. தோலும் குச்சியும் அவையே. கேட்போர் மாறியிருக்கின்றனர்.

ஆகவே ‘இரைச்சல்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு தீர்ப்புகள் ஒளிந்திருக்கின்றன. ‘இது என்னைத் துன்புறுத்துகிறது’ என்பது ஒன்று. ‘இதை எழுப்புவோர் என்னினும் தாழ்ந்தோர்’ என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. சான்று கூட வேண்டியதில்லை. இரண்டாவதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வாழ்க்கையில் இவை தனித்தனியே வருவதில்லை. ஒன்று மற்றொன்றின் சட்டையை அணிந்து வருகிறது. அதுவே தொல்லை.

ஈப்போவில் இத்தொல்லை நூற்பொருளாக நின்றுவிடவில்லை. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் வரும்போது உடன் வருவது உறுமி மேளம். உறுமுவதால் உறுமி; வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அவ்வொலியை ஒருமுறை கேட்டோர், லண்டன் தட்டின் மின் உறுமலைக் கேட்டு அவ்வளவாகத் திடுக்கிடமாட்டார். தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிய பின், நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே இக்குழுக்களில் மிகுதி. வீட்டோடு கோயிலையும் திடலையும் இழந்தவர் தூக்கிவர முடிந்தது மேளம் ஒன்றே. அதை அவர்கள் மாலையில் பயிலுகின்றனர், கீழ்த்தளத்தில் பயிலுகின்றனர், ஏனெனில் வேறு இடம் இல்லை.

மேல்தளத்தில் இரவுப்பணி முடித்துத் திரும்பிய ஒருவர் உறங்க முயல்கிறார். அவரும் தோட்டத்துப் பிள்ளையாக இருக்கக்கூடும். அவருடைய முறையீட்டைச் சாதி வெறுப்பு என ஒதுக்குவது அநீதி. முறையீடு எழுதும்போது ‘இந்தப் பையன்களே இப்படித்தான்’ என்று அவர் ஒரு வரி சேர்ப்பாராயின் அதுவும் அநீதி. குழலினும் யாழினும் தம் மக்கள் மழலையே இனிது என்பது வள்ளுவர் கண்ட பெற்றோர் உள்ளம். நள்ளிரவில் அம்மழலையைக் கேட்கும் அண்டை வீட்டாரைப் பற்றி அவர் பேசவில்லை. அண்டை வீட்டாரும் அறத்துப்பாலுக்கு உரியவரே.

தமிழில் இசை என்ற சொல்லுக்கே இணங்குதல் என்ற பொருளும் உண்டு. ‘அதற்கு அவர் இசைந்தார்’ என்கிறோம். கேட்பவர் இசைந்தால்தான் ஒலி இசையாகும் என்று சொல்லாராய்ச்சியை முடிவாகக் கொள்ளல் கூடாது. அப்படியாயின் பெரும்பான்மையோர் இசையாத எதுவும் இசையாகாது போகும். 1975இல் அமெரிக்கர் லூ ரீட் வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்னும் இரட்டைத் தட்டு, வாங்கியோரின் வெறுப்பால் சில வாரங்களில் கடைகளிலிருந்து மீட்கப்பட்டது. அதே ஒலிகளை 2002இல் பெர்லின் நகரின் ஓர் இசைக்குழு சுரக்குறிப்பாக எழுதி, வயலின் முதலிய கருவிகளால் மேடையில் வாசித்தது. அவையோர் அமர்ந்து கேட்டனர். இதனால் 1975இல் தட்டைத் திருப்பிக் கொடுத்தோர் தவறிழைத்தார் ஆவரோ? ஆகார். அவர்கள் காசு கொடுத்துக் கேட்டனர். தமக்கு வேண்டாம் என்றனர். கேட்ட பின் மறுத்தலுக்கும் கேளாமலே இகழ்தலுக்கும் நடுவே உள்ள தொலைவு பெரிது. தோட்டத்துத் தப்பை இகழ்ந்தவருள் பலர், அடிக்கு அடி மாறும் அதன் நடையை ஒருநாளும் நின்று கேட்டவரல்லர். தெருவில் அது வருகையில் கதவைச் சாத்தியவர்.

மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்த வகுப்பறையே போதும். பறை, உறுமி, நாகசுரம், இசைத்தட்டு எதுவாயினும் முழுவதும் ஒலிக்கவிட்டு, ‘பிடித்ததா?’ என்று கேட்பதற்கு முன், ‘என்ன கேட்டாய்?’ என்று கேட்கலாம். எத்தனை கருவிகள், எந்த இடத்தில் வேகம் மாறியது, எந்த இடத்தில் ஒலி நின்றது என்று சொல்லத் தெரிந்த மாணவன் அதன்பின் ‘எனக்கு இது வேண்டா’ என்றால் ஆசிரியர் அவனைத் திருத்த வேண்டியதில்லை.

இப்பொழுது உறுமிக் குழுக்களிடையிலும் தப்புக் குழுக்களிடையிலும் ஒரு புது வழக்கு எழுந்திருக்கிறது. தோற்பறையை அடிப்பதற்குமுன் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவது மரபு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தீ மூட்ட இயலாது. மழைக்காலத்தில் தோல் தளர்ந்தும் விடும். ஆகவே செயற்கைத் தோல் பூட்டிய கருவிகளை இளைஞர் ஏந்துகின்றனர். அவற்றுக்குத் தீ வேண்டா. ஒலியும் கூர்மையாக எழுகிறது. அதைக் கேட்கும் பழைய தோட்டத்துத் தப்படிப்போர் சிலர் முகஞ்சுளித்து, ‘இது அடியா? வெறும் இரைச்சல்’ என்கின்றனர்.