வேடமும் ஈகையும்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமணிந்து 5 கிலோமீட்டர் ஓடுகின்றனர். சிவப்பு உடையினரோடு நீல உடையினரும் உண்டு. அவை அவ்வூரின் இரு கால்பந்துக் குழுக்களின் நிறங்கள். நோயுற்ற சிறார்க்கென நிதி திரட்டி ஓடுவோரும் அவர்களிடையே உளர்.

இவ்வேடத்தின் மூலவர், 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராயிருந்த புனித நிக்கோலாஸ். வறியவர் ஒருவரின் புதல்வியர் மூவரின் திருமணத்திற்காக, இரவில் எவரும் அறியாவண்ணம் பொன்முடிப்புகளைச் சன்னல் வழியே இட்டார் என்பது மரபு. மறைவில் ஈந்தவரின் உடையைத் தரித்து நடுவீதியில் ஈவது முறையா? ஆண்டவர் கண்டித்த ‘வெளிவேடக்காரர்’ என்னும் சொல், கிரேக்க மூலத்தில் மேடை நடிகரையே குறிக்கிறது.

ஆயினும், வெண்தாடிக்குப் பின்னால் இருப்பவர் இன்னார் என்று எவர் அறிவார்? ஈபவனைக் காட்டும் வேடமும் உண்டு. ஈபவனை மறைக்கும் வேடமும் உண்டு. பிறர் கண்ணுக்கு மறைந்தவன் தன் நெஞ்சுக்கு மறைய இயலாது என்பதே இங்குள்ள சோதனை. தாடியைக் கழற்றிய பின்னரே அது தொடங்குகிறது.

திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவையே அணிந்துகொண்டோம் என்கிறார் புனித பவுல். அது விழா முடிந்ததும் களைந்து வைக்கும் ஆடையன்று. விழாவுக்கு மறுநாள் வாசலில் வந்து நிற்கும் ஏழையின்முன் நாம் எதனை அணிந்திருப்போம்?