மூத்த பிள்ளையின் வழக்கு

வீட்டில் இரண்டாம் மகவு பிறக்கவிருக்கும்போது மூத்த பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'உன்மீதுள்ள அன்பு கடுகளவும் குறையாது' என்று உறுதி கூறுகிறோம். அன்பு குறையாது என்பது மெய்யே. ஆனால் அம்மாவின் மடி கிடைப்பது குறையும். இரவில் கதை கேட்கும் நேரம் குறையும். குழந்தையோ அன்பை அறிவது மடியின் வழியாகவும் கதையின் வழியாகவுந்தான். ஆகவே நாம் சொல்வது அதன் செவியில் பாதி உண்மையாகவே விழுகிறது. அதைச் சொல்லி அமைவது அறமாகுமா?

இவ்வினாவை நேர்மையோடு எதிர்கொண்டவை, மேலைநாட்டில் சிறுவருக்கென எழுந்த படநூல்கள் சில. எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்னும் அமெரிக்கர் 1967இல் வெளியிட்ட 'பீட்டரின் நாற்காலி' அவற்றுள் ஒன்று. பீட்டருக்குத் தங்கை பிறந்திருக்கிறாள். அவன் கட்டைகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் சரிந்து ஓசை எழ, சத்தமின்றி விளையாடுமாறு தாய் சொல்கிறாள். அவன் கிடந்த தொட்டிலுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசியாயிற்று. அவன் அமர்ந்து உண்ட உயர்ந்த நாற்காலிக்குத் தந்தை பூசிக்கொண்டிருக்கிறார். எஞ்சியிருப்பது ஒரு சிறிய நீல நாற்காலி. அதைத் தூக்கிக்கொண்டு, நாயையும் அழைத்துக்கொண்டு, பீட்டர் வீட்டைவிட்டு வெளியேறுகிறான். போனது வாசல்வரைதான்! அங்கே அமர முயல்கிறான், நாற்காலி கொள்ளவில்லை. அவன் வளர்ந்துவிட்டான். பின்னர், அதற்கும் வண்ணம் பூசுவோம் என்று தந்தையிடம் அவனே சொல்கிறான்.

பயனற்றுப்போனதைக் கொடுப்பது ஈகையா என்று கேட்கத் தோன்றும். பழந்துணியைக் கொடுத்துவிட்டுப் புண்ணியக் கணக்கு எழுதும் நம்மை நோக்கி இக்கேள்வி எழுப்பப்படுவது தகும். பீட்டரை நோக்கி அன்று. தொட்டிலும் உயர்ந்த நாற்காலியும் அவனைக் கேளாமலே எடுக்கப்பட்டவை. நீல நாற்காலி ஒன்றே அவன் கையால் தரப்பட்டது. எடுக்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. ஒன்றைத் தனதென்று உரிமை பாராட்ட இடம் பெற்றவனே அதை மனமுவந்து கொடுக்கவும் இயலும். 'நீதானே பெரியவன், விட்டுக்கொடு' என்று நாம் அதட்டும்போது, கொடுக்கும் வாய்ப்பையே அப்பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

இத்தகைய நூல்கள் இல்லாத பொறாமையை ஊட்டிவிடும் என்று சிலர் அஞ்சுவர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தீனார், பேச்சு வராத பச்சிளங்குழந்தை ஒன்று தன்னோடு பாலருந்தும் மற்றொன்றை முகம் வெளிறப் பார்த்ததைத் தாம் கண்டதாகக் குறிப்பிடுகிறார். அக்குழந்தைக்கு எந்தப் படநூல் அதைக் கற்பித்தது? இங்கு அழுக்காற்றை ஊட்டுவது நூலன்று. 'தம்பி வந்தால் உன்னை யார் கொஞ்சுவார்?' என்று விளையாட்டாகச் சீண்டும் உற்றாரின் நாவே அதைச் செய்கிறது. புனித தோமா அக்குயினார் அழுக்காறு என்பதைப் பிறர் நன்மை தன் மேன்மையைக் குறைப்பதாக எண்ணி அடையும் துயரம் என்று விளக்குவார். துயரம் என்றால், அதற்கு முதலில் தேவைப்படுவது செவிசாய்ப்பவர், கண்டனம் அன்று.

1964இல் ரஸ்ஸல் ஹோபன் எழுதிய கதையில், தங்கை வந்தபின் மனம் கசந்த பிரான்சிஸ் என்னும் குட்டி விலங்கு உணவு மேசைக்கு அடியில் குடிபுகுகிறது. பெற்றோர் அவளை இழுத்து வெளியேற்றவில்லை. அவளின்றி வீடு வெறிச்சோடிக் கிடப்பதைத் தமக்குள் பேசிக்கொள்வதுபோல், அவள் செவியில் விழுமாறு பேசுகிறார்கள்.

லூக்கா நற்செய்தி பதினைந்தாம் அதிகாரத்தின் தந்தையும் விருந்தை விட்டு வெளியே வருகிறார். அங்கே மூத்தவன் இளையவனைத் தம்பி என்று சொல்ல மறுத்து, தந்தையின் மகன் என்றே சுட்டுகிறான். தந்தையோ மறுமொழியில் தம்பி என்ற சொல்லையே அவனுக்குத் திருப்பித் தருகிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை நற்செய்தியாளர் எழுதவில்லை. கெவின் ஹெங்க்ஸ் 1990இல் படைத்த லில்லி என்னும் சுண்டெலிச் சிறுமியும் தம்பி ஜூலியசை நெடுநாள் இகழ்ந்தவளே. பெற்றோர் எவ்வளவோ சொல்லியும் கேளாதவள், உறவுக்காரச் சிறுமி ஒருத்தி அவனை ஏளனம் செய்த கணத்தில் வெகுண்டெழுகிறாள். அவளை அதட்டி, தம்பியை முத்தமிட வைத்த பிறகே விடுகிறாள்.