கடைக்குள் வரும் கடமை



கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத், ஹஜ்ஜு என்ற ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்ல நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கற்றுக்கொண்டோம். அல்லாஹ்வையும், அவனுடைய மலக்குகளையும், வேதங்களையும், ரசூல்மார்களையும், இறுதி நாளையும், நன்மை தீமை யாவும் அவன் விதித்தபடியே என்பதையும் மனதார நம்புவது ஈமான். அந்த ஈமான் நம் நடப்பில் வெளிப்படுவதற்கே இந்த ஐந்து கடமைகள். இவை பள்ளிவாசல் வாசலோடு நின்றுவிடுகின்றனவா, நம் கடைக்குள்ளும் வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று கலிமாவால் ஒப்புக்கொண்டவன் தராசுத் தட்டை விரலால் அழுத்த மாட்டான். மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே போட்டிருக்க வேண்டும் என்று கண்டித்து, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் சொல்லிவிட்டார்கள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டெழும்படி பணித்த இறைவன், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடும்படியும் அதே சூராவில் கூறுகிறான். கடையை மூடச் சொன்ன மார்க்கம், மறுபடி திறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நோன்பையும் ஹஜ்ஜையும் பற்றி நம்மவர்களுக்கு நான் அதிகம் கூற வேண்டியதில்லை.

குறை இருப்பது ஜக்காத்தில். நம்மவர்கள் கொடுக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பினாங்கில் 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-ல் தோன்றிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும் கடல் கடந்து வந்த நம் முன்னோர் எழுப்பியவை. இன்றும் நோன்புக் கஞ்சிக்கும் ஊர்ப் பள்ளிவாசல் திருப்பணிக்கும் கை தாராளமாக நீள்கிறது. ஆனால் தருமம் வேறு, ஜக்காத் வேறு. தருமம் மனம் விரும்பியபடி கொடுப்பது. ஜக்காத் நிய்யத்தோடு, கணக்கிட்டு, திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிட்ட எட்டு வகையினருக்கு உரியதை அவர்களிடம் சேர்ப்பது. பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுத்தது நன்மைதான். நான்கு மத்ஹபுகளின்படியும் அது ஜக்காத் ஆகாது. செல்வரும் ஏழையும் சேர்ந்து குடிக்கும் கஞ்சியும் அவ்வாறே. பெற்றோருக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் கொடுப்பது கடமையான பராமரிப்பு. அதையும் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

இது சிறிய வித்தியாசம் என்று எண்ணிவிட வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த ஹிஜ்ரி 11-ல் சில கூட்டத்தார் தொழுகையை ஏற்று, ஜக்காத்தை மட்டும் மறுத்தார்கள். மென்மையான சுபாவம் படைத்த அபூபக்கர் (ரலி) அவர்கள் அந்த ஒன்றுக்காகவே போருக்கு எழுந்தார்கள்.

சரி, எப்படிக் கணக்கிடுவது? வியாபாரத்தில் ஒரு சந்திர ஆண்டு நிறையும் நாளில் கதவைச் சாத்திவிட்டு இருப்பெடுக்க வேண்டும். விற்பனைக்குள்ள சரக்கை, வாங்கிய விலையிலன்று, அன்றைய சந்தை விலையில் மதிக்க வேண்டும். பெட்டியிலும் பேங்கிலும் உள்ள ரொக்கத்தையும், நிச்சயமாக வந்துசேரும் பாக்கிகளையும் கூட்ட வேண்டும். அலமாரி, தராசு, சரக்கேற்றும் லாரி, கடைக் கட்டடம் ஆகியவை விற்பனைக்கு உரியவையல்ல, அவற்றை விட்டுவிடலாம். மொத்தம் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு. சரக்கு 60,000 வெள்ளி, ரொக்கம் 8,000, பாக்கி 12,000 என்றால் மொத்தம் 80,000; ஜக்காத் 2,000 வெள்ளி. இலாபத்துக்கு மட்டும் கணக்கிட்டு 200, 300 கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கூட்டலைக் கவனிக்க வேண்டும்.

நாம் கொடுக்க வேண்டிய கடனைக் கழிக்கலாமா? ஹனபி மத்ஹபில் கழிக்கலாம். ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி கடன் ஜக்காத்தைத் தடுக்காது. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபிகள், மரைக்காயர்கள் ஷாபிஈகள். ஒரே தெருவில் அடுத்தடுத்துள்ள இரண்டு கடைகளில் கணக்கு வேறுபடுவது இதனால்தான். இதைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டையிட வேண்டாம்.

நாள் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள். ஆங்கில ஆண்டுக்கு 365. டிசம்பரில் கணக்கு முடித்து அதன்படியே கொடுத்து வருபவர், 33 ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டின் ஜக்காத்தை ஏழைகளுக்குப் பாக்கி வைத்துவிடுகிறார். ஆங்கிலக் கணக்கை விட முடியாதவர்கள் நூற்றுக்கு 2.5 என்பதற்குப் பதில் ஏறத்தாழ 2.58 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ரமலான் கடைசியில் விற்காமல் தேங்கிய கைலிகளை மூட்டை கட்டி வரிசையில் நிற்பவர்களுக்கு வழங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்க மனம் வராத மட்டமான பொருளைப் பிறருக்கென ஒதுக்காதீர்கள் என்ற கருத்தில் திருமறை எச்சரித்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் வியாபார ஜக்காத்தைச் சரக்காகக் கொடுப்பதை ஏற்பதுமில்லை. அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஊருக்கு அனுப்பும் விஷயம். கடை இங்கே, உறவினர் அங்கே என்பது நம் நிலை. பொருள் இருக்கும் ஊரில் உரியவர்கள் இருக்கையில் ஜக்காத்தை வேறூருக்கு அனுப்பக் கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சட்டம். ஹனபியில், தேவையுள்ள உறவினருக்கோ அதிக வறியவர்களுக்கோ அனுப்பலாம். சிங்கப்பூரில் 1968-ல் அமைந்த முயிஸ் மன்றம் ஜக்காத்தைப் பெற்றுப் பங்கிடுகிறது. மலேசியாவில் அது மாநில சமய மன்றங்களின் பொறுப்பு. இருப்புப் பட்டியலையும் பாக்கிப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனால் அங்கேயே கணக்கிட்டு, ரசீதும் தருவார்கள். கூட்டாளிகள் உள்ள கடையானால் ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு என்று முன்னதாக எழுதி எடுத்துச் செல்வது நல்லது.