யார் கொளுத்தியது?

நாவலைப் படித்துவிட்டு ‘குற்றவாளி யார்?’ என்று கேட்பவனைத் துப்பறியும் கதை வாசகன் என்று ஒதுக்கிவிடுவது நம் வட்டத்துப் பழக்கம். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு மட்டமானதாகப் படவில்லை. கேட்பவனுக்கு உள்ளூர என்ன வேண்டியிருக்கிறது என்பதே பிரச்னை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) பற்றி என் காதில் விழுந்த அபிப்பிராயங்கள் பெரும்பாலும் கண்ணீரைப் பற்றியவை. அழவைக்கும் சக்தியைக் கொண்டு ஒரு படைப்பை அளப்பது சினிமாக் கொட்டகையில் செல்லுபடியாகலாம். பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரை எதிர்த்து, பர்மா அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை மணக்கிறாள். சில வருஷங்கள் கழித்து உடம்பு வெந்து புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். அவளாகக் கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? இமையம் சொல்வதில்லை. தீக்காய வார்டுக்கு வெளியே காத்துக்கிடப்பவர்களின் பேச்சாகவே நாவல் பெரும்பாலும் நகர்கிறது. பேச்சு சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கிறது. ஒரே புலம்பல் வேறு வேறு வாய்களில் திரும்பத் திரும்ப வருகிறது. என்றாலும் அந்த ஒரு விஷயத்தில் ஆசிரியரின் மௌனம் கடைசிவரை கலையவில்லை.

இது நடுநிலையா, நழுவலா? ரவிதான் என்று சொல்லிவிட மனம் துடிக்கிறது. ஆதாரம் என்னவென்று பார்த்தால், அவன் ஆட்டோக்காரன், முரடன், நமக்குச் சமமில்லாதவன் என்பதற்கு மேல் அதிகம் தேறுவதில்லை. கல்யாணத்தின்போது ரேவதியின் குடும்பம் அவனை நிராகரித்ததும் ஏறக்குறைய இதே ஆதாரத்தைக் கொண்டுதான். குற்றவாளி கிடைத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் விடுதலை, புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற எனக்கும் சேர்த்து. இமையம் அந்த விடுதலையைத் தர மறுக்கிறார். ரவிக்கும் பேச இடம் கொடுக்கிறார். அவன் பேச்சைக் கேட்டபின் அவன்மேல் அனுதாபம் வருகிறது என்று சொல்லமாட்டேன். வெறுப்பு முன்போல் சௌகரியமாக இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் தீர்ப்புச் சொல்லாமலிருப்பதுதான் நாவலாசிரியனின் தர்மமா? இப்படி ஒரு சூத்திரம் நம்மிடையே சமீபமாகப் புழங்குகிறது. ‘கலைஞன் நீதிபதி அல்ல’ என்று சொல்லிவிட்டால் ஒரு முதிர்ச்சி வந்துவிட்டதாக நினைப்பு. இன்னொரு தீயை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின்கீழ் திரண்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975), நிலச்சுவான்தார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக்குறைவை அவனுடைய குரூரத்துக்கு ஊற்றாக வைத்தது. இடதுசாரிகள் அன்று ஆட்சேபித்தார்கள், நியாயமாகவே. கூலியும் சாதியும் நிலமும் சேர்ந்து மூட்டிய தீ ஒருவனுடைய படுக்கையறை ரகசியமாகச் சுருங்கிப்போகிறது. நாயுடுவுக்கு அகவாழ்க்கை தந்தது பிழையில்லை. அந்த அகவாழ்க்கையைக் காரணமாக்கியதுதான் பிழை. உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்துவிட்ட ஒரு வழக்கில், நாவலும் ‘எனக்குத் தெரியாது’ என்று கைவிரித்தால் அதை மௌனம் என்று நான் மதிக்கமாட்டேன். வெண்மணியில் யார் கொளுத்தியது என்பது ஊருக்கே தெரியும். ரேவதியின் வீட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். இமையத்தின் மௌனம் அந்த வீட்டின் இயல்பிலிருந்து வருகிறது. சூத்திரத்திலிருந்து வரவில்லை. (இரண்டு நாவல்களுமே சாகித்ய அகாதெமி பரிசு பெற்றவை. அதிலிருந்து எதையும் நிரூபிக்கமுடியாது.)

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ (2020) தீர்ப்பை வேறு விதமாகத் தள்ளிவைக்கிறது. காரு மாமாவின் சாவுக்குக் கூடும் உறவுகளின் ஒப்பாரியிலும் நினைவிலும் பழைய பகைகள் கரைகின்றன. கொங்கு வட்டாரத்துக் குடிநாவிதர்களின் உலகத்தை இவ்வளவு உள்ளிருந்து சொன்ன வேறு நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. உரைநடை இமையத்துடையதைவிடச் சிக்கனமானது, இன்னும் தேர்ந்தது. ஆனாலும் எனக்கு ஒரு சஞ்சலம். உறவுக்குள் ஒருவரை ஒருவர் மன்னிப்பது அவர்கள் உரிமை. சவரத்துக்கும் சடங்குக்கும் அவர்களை வாசலில் நிறுத்திவைத்த ஊரும் அதே நினைவின் கதகதப்பில் சில பக்கங்களில் குளிர்காய்ந்துவிட்டுப் போகிறது. அந்த ஊரை யார் மன்னித்தது, யார் சார்பில்? காரு மாமாவுக்காக அழுபவர்களில் ஒருவராவது எழுந்து இதைக் கேட்பார் என்று நான் கடைசிவரை எதிர்பார்த்தேன்.