சொல்லாத விதிகள்

கான்ஃபிக் கோப்பு பார்ப்பதற்கு எளிது. வரிக்கு ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. அதைப் படித்துத்தான் மென்பொருள் இயங்குகிறது. அதன் இலக்கணத்தை எழுத உட்காரும்போதுதான் கேள்விகள் முளைக்கின்றன. ஒரே பெயர் இருமுறை வந்தால் எது செல்லும்? மேற்கோள்குறி மதிப்பில் சேர்த்தியா? வரி நடுவே அரைப்புள்ளி வந்தால், அதற்குப் பின் வருவது வெறும் குறிப்பா?

விண்டோஸ் பரப்பிய ஐஎன்ஐ என்ற கான்ஃபிக் வடிவத்தில் இவற்றுக்குப் பொதுவான பதில் இல்லை. பெயர் இருமுறை வந்தால் சில மென்பொருள்கள் முதலாவதை எடுக்கும், சில கடைசியை. பைத்தான் நிரல்மொழியில் இவ்வடிவத்தைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர், அதன் இயல்பு அமைப்பை மாற்றாவிட்டால், பிழை என்று நின்றுவிடும். 2013இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் தொடங்கிய டோமல் வடிவமோ, ஒரு பெயரை இருமுறை வரையறுக்கக் கூடாது என்று தன் ஆவணத்திலேயே சொல்லிவிடுகிறது.

விதியை எழுதாமல் விட்டால், அதை வகுத்தவருக்கு நட்டமில்லை, அவருக்குத்தான் தெரியுமே. இடறுபவர் புதிதாக வருபவர். பழியும் அவர் தலையில்தான். மென்பொருளில் மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் மருமகளிடமும் வேலைக்குச் சேரும் இளைஞரிடமும் “இதுகூடவா தெரியாது?” என்று கேட்கிறோம். ஒருநாளும் சொல்லித் தராத நாம்தான் அப்படிக் கேட்கிறோம்.

எழுதிவிட்டால் விதி சரியாகிவிடுமா? ஆகாது. யாமல் என்ற இன்னொரு கான்ஃபிக் வடிவத்தின் 1.1 பதிப்பில், ‘இல்லை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மேற்கோள்குறியின்றி எழுதினால் அது ‘பொய்’ என்ற மதிப்பாகிவிடும். நார்வேயின் நாட்டுக் குறியீட்டுக்கும் அதே இரண்டு எழுத்துகள். அதனால் நாடுகளின் பட்டியலில் நார்வே இருக்க வேண்டிய இடத்தில் ‘பொய்’ வந்து உட்கார்ந்தது. ஆனால் அந்த விதி ஆவணத்தில் இருந்தது. இன்ன பதிப்பில் இன்ன விதி என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. 2009இல் வந்த 1.2 பதிப்பு அதைக் கைவிட்டது. பழைய விதியையே பின்பற்றும் மென்பொருள்கள் இன்றும் உண்டு. எழுதிய தவறுகூட ஒரே நாளில் மறைவதில்லை.

விதியை எழுதி வைப்பதை ஒரு நேர்மையாகவே நான் மதிக்கிறேன். எழுதாத விதிக்கு முன்னால் குற்றவாளி எப்போதும் புதியவரே. எழுதியபின் விதியும் கூண்டில் ஏறுகிறது, “இது ஏன் இப்படி?” என்று நேற்று வந்தவரும் கேட்கலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவரிடம் நாம் எதையேனும் எதிர்பார்த்தால், முதலில் அதை வாய்விட்டுச் சொல்வோம். சொல்லக் கூசும் விதியாக இருந்தால், அதை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.