பற்றுக் கணக்கு

அனுபவித்து முடிந்த ஒன்றை எழுதி வைத்துக்கொள்கிறவன் உண்மையில் என்ன காரியம் செய்கிறான் என்பது, மேலுக்குத் தெரிகிற அளவு எளிதான கேள்வி அல்ல. ஞாபகத்துக்காக என்று சொல்வது பதிலாகாது. ஞாபகம் ஏட்டுக்காகக் காத்திருப்பதில்லை. தங்க வேண்டியது தங்கும், போக வேண்டியது போகும். எழுதும்போது வேறு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முடிந்துபோனதற்கு ஒரு மதிப்புத் தரப்படுகிறது. அது யாருடைய கணக்கில் சேர்வது என்பதும், எழுதுகிறவனின் பிரக்ஞைக்கு வராமலே, தீர்மானமாகிவிடுகிறது. இந்த இரண்டாவது காரியம்தான் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை யோசிக்கச் சுருட்டு நல்ல உதாரணம். பார்த்த படத்தை மறுபடி பார்க்கலாம். படித்த புத்தகம் அலமாரியில் இருக்கிறது. புகைத்த சுருட்டு எங்கும் இல்லை. அனுபவிப்பதும் அழிப்பதும் அங்கே ஒரே செயல். ஆனாலும் பிடித்த சுருட்டுகளைக் குறித்து வைக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 'பிடித்த சுருட்டு' என்று தமிழில் சொன்னால் புகைத்தது என்றும் ஆகும், மனசுக்கு உகந்தது என்றும் ஆகும். அவர்களுடைய ஏட்டில் இரண்டும் ஒன்றுதான்.

'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. உறையூரில் சுருட்டியவை 19ஆம் நூற்றாண்டில் திருச்சினாப்பள்ளி என்ற பெயரோடு கடல் கடந்தன. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சேர்வராயன் மலைக்கு இந்தச் சரித்திரத்தில் விளைவித்த பங்கு இல்லை, புகைத்த பங்குதான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து ஏற்காடு காப்பி ஊர். சமவெளியில் விளைந்து, சமவெளிக் கைகளால் சுருட்டப்பட்டது, மலை ஏறி எஸ்டேட் பங்களாத் திண்ணைகளில் சாம்பலாயிற்று.

அதே ஏற்காட்டில் வேறொரு பட்டியல்காரரும் இருந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் கடைசிக் காலத்தை இங்கே கழித்தவர். 1912இல் இறந்தார். அவர் திரட்டிய கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றுக்கு அவர் எழுதிய விவரப் பட்டியல், அவர் மறைந்த பின் 1914இல் அச்சாயிற்று. ஒவ்வொரு கல்லும் எங்கே கிடைத்தது, என்ன வகை என்று போகிறது அந்தப் பட்டியல். அதில் அவருடைய மகிழ்ச்சிக்கு இடமில்லை. ஒரு கல்லைக் குனிந்து எடுத்தபோது அவருக்கு மகிழ்ச்சி இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் பட்டியலின் உண்மை அதைச் சார்ந்திருக்கவில்லை. சந்தேகம் உள்ளவன் எழும்பூருக்குப் போய்க் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஷெர்லக் ஹோம்ஸ் நிற்கிறார். 1887இல் வெளிவந்த முதல் நாவலிலேயே, தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு, கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுகிறார். சாம்பல்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருப்பதாகவும் சொல்கிறார். அடுத்த நாவலில் அந்த நூலின் கணக்கு வருகிறது. 140 வகைப் புகையிலை, வண்ணப் படங்களோடு. இது பெரிய அறிவுதான். ஆனால் புகைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி அந்த 140 வகையிலும் ஒரு வார்த்தை கிடையாது. சாம்பல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அனுபவத்தைக் காட்டிக்கொடுக்காது.

ஆக, மிஞ்சியிருக்கும் பொருளைப் பற்றிய பதிவு உண்டு, மிஞ்சிய தடயத்தைப் பற்றிய பதிவு உண்டு. இரண்டையும் பிறர் சோதிக்கலாம். அனுபவப் பதிவுக்கு இந்த இரண்டு ஆதாரமும் இல்லை. இந்த இல்லாமையை மறைக்கத்தான் எண்கள் வருகின்றன. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சிகார் அஃபிஷியனாடோ' பத்திரிகை சுருட்டுகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. ரசிகர்களும் தங்கள் நோட்டுகளில் அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். தொண்ணூற்றொன்றுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. அது எரிந்துபோயிற்று. வங்கியில் தினமும் எண்களோடு பழகுகிற எனக்கு இதில் ஒன்று தெரிகிறது. இங்கே எண் அளவு அல்ல, இருப்பு. 'இத்தனை உயர்ந்தவற்றை அனுபவித்தவன் நான்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருப்பு ஏறிக்கொண்டே போகிறது. நாளடைவில், ஏட்டில் எழுதத் தகுந்ததை மட்டும் தேடிப் புகைக்கிற நிலையும் வந்துவிடும். அப்போது அனுபவம் ஏட்டுக்குச் சேவகம் செய்கிறது.

நம் விமர்சனத்தில் இது பழைய சண்டை. க.நா.சு. பட்டியல் போட்டார். காரணங்களை விரித்துச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு அவரை விடவே இல்லை. சி.சு. செல்லப்பா 'எழுத்து' (1959–1970) பக்கங்களில் அலசல்தான் வேண்டும் என்று நின்றார். இதில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். க.நா.சு.வின் பட்டியலுக்கு ஒரு தற்காப்பு இருந்தது. நாவல் இருக்கிறது, போய்ப் படித்துப் பார் என்று சொல்லலாம். பட்டியல் அங்கே ஒரு கைகாட்டி மரம். சுருட்டுப் பட்டியல்காரர் அப்படிச் சொல்ல முடியாது. அதே பெயருள்ள இன்னொரு சுருட்டு, அவர் புகைத்த அந்தச் சுருட்டு அல்ல. அவருடைய ஏடு கடைசியில் அவரை மட்டுமே காட்டுகிறது.

அப்படியானால் எழுதவே கூடாதா? புகையோடு போகட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் வேறு விதமான ஒரு ஏட்டை நான் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் சொல்லிச் சுருட்டை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அவர் நோட்டில் நாலே பத்திகள். தேதி, சுருட்டு, இடம், கொடுத்தவர். ஓரத்தில் சில இடங்களில் ஒரு சொல் இருக்கும். 'மழை.' 'பெரியவள் கல்யாணம்.' 'ஈரம், அணைந்துவிட்டது.' ருசியைப் பற்றி எங்குமே இல்லை. ஏன் என்று கேட்டேன். "ருசிய எழுதி என்னங்க தம்பி பண்றது? அது அப்பவே வாயில இருந்துட்டுப் போயிருச்சு. குடுத்தவங்க பேருதான் மறந்து போகும்" என்றார். சொந்தக் காசில் வாங்கியவற்றுக்கு நேரே, கொடுத்தவர் என்ற பத்தியில் 'உறையூர்' என்று எழுதியிருந்தார்.

நான் புகைப்பவன் அல்ல. அந்த 'உறையூர்' என்னை யோசிக்க வைத்தது. காசு கொடுத்தாகிவிட்டது, ஆகவே கொடுத்தவர் என்று ஒருவர் இல்லை என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கு சாஸ்திரம் அப்படி நினைப்பதில்லை. பெறுகிறவர் கணக்கில் பற்று, தருகிறவர் கணக்கில் வரவு என்பது அதன் ஆரம்ப விதி. மதிப்பெண் போடும் ரசிகர், தாம் பெற்றதைத் தம் வரவில் எழுதிக்கொள்கிறார். விதிப்படி அது அவருடைய பற்றில் வர வேண்டும். தமிழ் இந்தச் சொல்லில் தாராளமாக இருக்கிறது. தீ பற்றுகிறது, மனசு பற்றுகிறது, கடைக் கணக்கில் பற்று ஏறுகிறது. ஆசையும் கடனும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தத் தற்செயலில் ஒரு விவேகம் இருக்கிறது.

கடையில் பற்று வைத்துப் பீடி வாங்குகிறவனையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் எத்தனை கட்டு புகைத்தான் என்பதற்கும் பதிவு உண்டு. அது கடைக்காரரின் நோட்டில் இருக்கிறது. வசதி உள்ளவனின் புகை ரசனையாக அவன் கையாலேயே எழுதப்படுகிறது. இல்லாதவனின் புகை, கடனாக இன்னொருவர் கையால் எழுதப்படுகிறது. சுருட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. எத்தனை சுருட்டினார்கள், எத்தனை கழித்துக்கட்டப்பட்டது என்பது அது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966இல் தனிச் சட்டமே வந்தது. ஒரே இலையைப் பற்றி மூன்று ஏடுகள். இவற்றில் அழகான எழுத்தும் கெட்டி அட்டையும் உள்ள ஒன்றை மட்டும் 'அனுபவம்' என்கிறோம்.

பெரியவரின் நோட்டும் பூரணமானது அல்ல. அதில் 'துரை' என்ற பெயர் அடிக்கடி வருகிறது. துரை கொடுத்தார், சரி. அந்தத் துரைக்குச் சுருட்டு வாங்கும் வசதியைக் கொடுத்தவர்கள், அதே மலையில் பழம் பறித்த கூலிக்காரர்கள். அவர்களுடைய பெயர்களைத்தான் ரைட்டர் என்ற முறையில் அவரே தினமும் செக்ரோலில் எழுதினார். இரண்டு நோட்டுகளும் ஒரே கையெழுத்து. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்க்கவில்லை. கொடுத்தவர் என்ற பத்தியைத் திறந்துவிட்டால் அதை எங்கே மூடுவது என்பது கஷ்டமான விஷயம்தான். மூட முடியாது என்பதற்காகத் திறக்காமலே இருப்பது நியாயம் ஆகாது.

இது இன்பத்தைக் குற்ற உணர்வாக மாற்றுவது அல்லவா என்று கேட்கலாம். அல்ல என்றே நினைக்கிறேன். குற்ற உணர்வும் தன்னைச் சுற்றித்தான் வருகிறது. மதிப்பெண் போடுவதன் மறுபக்கம் அது. கடனை ஒப்புக்கொள்வது அப்படி அல்ல. அது எதிரில் ஓர் ஆளை நிறுத்துகிறது. புகையிலை உயிரைக் குடிக்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாதது அல்ல. நேர்மையான ஏட்டில் அந்த வரிக்கும் இடம் வேண்டும். நுரையீரலும் ஒரு கொடுத்தவர்தான். பெற்றது நன்றாக இருந்தது என்பதை இவையெல்லாம் பொய்யாக்கிவிடாது. எழுதுவதன் நோக்கம் நன்றாக இருந்ததை நிரூபிப்பது அல்ல, யாரால் அது சாத்தியமாயிற்று என்று சொல்வது. முதலாவதை யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டாவதைப் பிறர் சோதிக்கலாம், திருத்தலாம், விட்டுப்போன பெயரைச் சேர்க்கலாம். அனுபவப் பதிவுக்கு இருக்கக்கூடிய புறவயமான உண்மை இவ்வளவுதான். விமர்சனத்துக்கும் இதற்கு மேல் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பாக்கி தீர்ந்தால் கடைக்காரர் பற்று நோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. நான் சொல்கிற கணக்கில் கோடு இழுக்க எதிர்ப்பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் வருவதில்லை. பலரை நாம் பார்த்ததும் இல்லை. ஏடு என்று ஒன்று வேண்டியிருப்பது அதனால்தான்.